பாய்மரப் படகுக்குச் சிறிய அவுட்போர்டு எஞ்சின்: இராமநாதபுரம் கரைக்கான முழுமையான வழிகாட்டி

பாய்மரப் படகு வைத்திருப்பவர் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே கவ்வி மாட்டும் எஞ்சின், வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் கரையில் நிற்கும் அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை எச்.பி.?" அந்தக் கணக்கு ஐந்து நிமிட வேலை. ஷாப்ட் நீளம், விசிறியின் திருகு (ஒரு சுற்றில் விசிறி முன்னேற வேண்டிய தூரம்), எடை, எரிபொருள் ஆகிய நான்கையும் சரியாகப் பொருத்துவதில்தான் தலைவலி இருக்கிறது. இவற்றில் தவறினால் 10 எச்.பி. எஞ்சினும் பாம்பன் கால்வாயில் வெறுமனே கத்திக்கொண்டிருக்கும், படகு நகராது.

இந்த வழிகாட்டி 16 அடியிலிருந்து 25 அடி வரையிலான படகுகளுக்கானது. பாய் கட்டிய வத்தை, வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும், கண்ணாடியிழையில் செய்த சிறிய உல்லாசப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான். கரையில் பார்க்கும் நீள்வால் டீசல் எஞ்சினைப் பாய்மரப் படகில் மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாட்டலாம், ஆனால் அந்த எடையும் அதிர்வும் வந்த பிறகு படகு பாயில் ஓடுவதை மறந்துவிட வேண்டும்.

முதல் படி: எந்தக் கடல், எந்த மாதம்

தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது வழக்கம். வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) பிடித்த பிறகு அந்தப் பெண் கடல் எப்படிச் சீறும் என்பதைத் தொண்டிக்காரர்களிடமும் தேவிபட்டினத்துக்காரர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. பெரும்பாலான இடங்களில் 13 மீட்டருக்குள்தான். ஆழம் குறைந்த கடலில் காற்று எழுப்பும் அலை உயரமாக இல்லாவிட்டாலும் குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். பின்பக்கம் மாட்டிய எஞ்சினுக்கு இந்த அலைதான் முதல் எதிரி. ஒரு அலை அணியத்தை (படகின் முன்பக்கத்தை) கீழே தள்ளி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் விசிறி நீரை விட்டு வெளியே வந்துகொண்டே இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் கரைகளில் இறங்குவதே பாடு. அக்டோபரிலிருந்து வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். இரண்டு கடலுக்கும் இடையில் பாம்பன் கால்வாய் இருக்கிறது. கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்காகவும் வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் நீரோட்டம் பாயும் குறுகிய வழி அது. பாலத்துக்கு அடியில் அந்த ஓட்டம் தூண்களைச் சுற்றிச் சுழிப்பதைச் சாலைப் பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் பார்க்கலாம்.

உங்கள் படகு அந்தக் கால்வாயைத் தாண்டுமா தாண்டாதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டிருக்கிறது. அதன் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி உயர்த்தப்பட்டால்தான் உயரமான பாய்மரம் உள்ள படகு போக முடியும். இல்லையென்றால் மரத்தைச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பாலம் தூக்கும் நாளுக்குக் காத்திருந்து, வரிசையில் போக வேண்டும். அந்த வரிசையில் பாயை நம்ப முடியாது. பாலங்களுக்கு இடையில் காற்று உடைந்து நாலா பக்கமும் திரும்பும், கீழே நீரோட்டம் இழுக்கும், கால்வாயின் ஓரங்களில் பாறை. எஞ்சினை அந்தப் பத்து நிமிடத்துக்காகவே தேர்ந்தெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேறும் எஞ்சின் மற்ற இடங்களில் தானாகத் தேறும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு விஷயம் எல்லைக்கோடு. 1974, 1976 ஒப்பந்தங்களின்படி வரையப்பட்ட இந்திய–இலங்கைக் கடல் எல்லை இராமேஸ்வரம் தீவுக்கு வெகு அருகில் போகிறது. காற்று செத்து, எஞ்சினும் நின்று, நீரோட்டத்தில் மிதந்தால் வேறு ஊர்களில் வீட்டுக்குத் தாமதமாகப் போவோம், அவ்வளவுதான். இங்கே சிறைக்குப் போக நேரிடலாம். அதனால் கீழே வரும் கணக்குகளில் எங்கெல்லாம் "இது போதும்" என்று வருகிறதோ அங்கெல்லாம் ஒரு படி மேலேயே நிற்கிறேன்.

இரண்டாம் படி: எச்.பி. கணக்கு

நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. படகு நீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கிடைப்பது மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வரம்பு. 20 அடிப் படகு நீர்மட்டத்தில் 18 அடி இருக்கும் என்று வையுங்கள். 18-இன் வர்க்கமூலம் 4.24; பெருக்கினால் சுமார் 5.7 கடல் மைல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 10.5 கிலோமீட்டர். அதற்கு மேல் எஞ்சின் சக்தியைக் கூட்டினால் படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கம் தாழும், பெட்ரோல் தீரும், வேகம் கூடாது.

அந்த வரம்பை எட்ட டன்னுக்கு 4 எச்.பி. என்பது பழைய, நம்பத்தக்க கணக்கு. எடை என்றால் வெறும் படகின் எடை அல்ல. 700 கிலோ படகு, நான்கு பேர் 280 கிலோ, நங்கூரம், கயிறு, தண்ணீர், பெட்ரோல், எஞ்சின் எல்லாம் சேர்ந்து 120 கிலோ என்றால் மொத்தம் 1,100 கிலோ. 4.4 எச்.பி. வருகிறது. அமைதியான நீரில் இது போதும். எதிர்க்காற்றுக்கும் எதிர் நீரோட்டத்துக்கும் கொஞ்சம் சேர்த்து 6 எச்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரை டன்னுக்குள் அடங்கும் 16 அடிப் படகுக்கு 2.5 எச்.பி.யில் வேலை முடியும். ஆனால் கால்வாயைத் தாண்டுகிறவர் 4-க்குப் போகலாம். இரண்டு டன் வரும் 25 அடிப் படகுக்கு 8 அல்லது 9.9. அதற்கு மேல் யாராவது விற்கப் பார்த்தால் அவர் கடையில் தேங்கிக் கிடப்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

விலைப்பட்டியலில் சொல்லாத ஒன்று: டோஹாட்சு நிறுவனத்தின் 4, 5, 6 எச்.பி. மூன்றுக்கும் அடிப்படை ஒரே 123 சி.சி. ஒற்றைச் சிலிண்டர், யமஹாவின் இதே அளவுகள் 139 சி.சி. எடை மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே, 26–27 கிலோவுக்கு அருகில். எனவே 4-க்கும் 6-க்கும் இடையே தயங்குகிறவர் 6-ஐ எடுப்பதில் தோளுக்குக் கூடுதல் சுமை இல்லை. 6-இலிருந்து 8-க்குப் போகும்போதுதான் இரட்டைச் சிலிண்டர் வந்து எடை 40 கிலோவை நெருங்குகிறது. அந்தப் படியை யோசித்து ஏறுங்கள்.

மூன்றாம் படி: ஷாப்ட் நீளம்

என் கணிப்பில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான். எஞ்சின்கள் மூன்று ஷாப்ட் அளவுகளில் வருகின்றன: 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம். பின்பலகையில் கவ்வும் இடத்திலிருந்து விசிறிக்கு நேர் மேலே இருக்கும் கிடைத்தட்டு வரை உள்ள தூரத்தைத் தோராயமாக இந்த எண் குறிக்கும். அந்தத் தட்டின் வேலை மேலே இருக்கும் காற்றை விசிறி உறிஞ்சாமல் தடுப்பது. தட்டு நீருக்குள் இருக்கும்வரை விசிறி நீரைத் தள்ளும். தட்டு வெளியே வந்தால் விசிறி காற்றையும் நுரையையும் கடைந்துகொண்டு வீரிடும்.

விசைப்படகுக்குத் தட்டு படகின் அடிப்பாகத்தை ஒட்டி இருந்தாலே போதும். பாய்மரப் படகுக்கு அந்த அளவு ஒத்துவராது. படகு முன்னும் பின்னும் ஊஞ்சலாடும், பாயில் ஒரு பக்கம் சாயும். ஓய்வில் இருக்கும்போதே தட்டு நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அளப்பது இப்படி:

1. படகை நீரில் இறக்கி, வழக்கமாக ஏறும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றுங்கள். கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகில் எடுத்த அளவு உதவாது.
2. எஞ்சினைக் கவ்வப்போகும் பலகையின் மேல் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை செங்குத்தாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.
3. இப்போது இரண்டு பேரை அணியத்துக்குப் போகச் சொல்லுங்கள். பாயை இறக்கும்போதும் நங்கூரம் போடும்போதும் ஆட்கள் நிற்கும் இடம் அதுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். பின்பக்கம் மேலெழும். மறுபடியும் அளந்துகொள்ளுங்கள்.
4. இரண்டு அளவுகளில் பெரியதை எடுத்து 15 சென்டிமீட்டரைக் கூட்டுங்கள். வருவது 51 சென்டிமீட்டருக்குள் என்றால் 20 அங்குல ஷாப்ட். 51-ஐத் தாண்டினால் 25 அங்குலம், அதாவது 63.5 சென்டிமீட்டர். 63-ஐயும் தாண்டினால் எஞ்சினைக் குற்றம் சொல்லாமல் கவ்வும் பலகையைத் தாழ்த்துங்கள்.

இந்த இரண்டாவது அளவை எடுக்காமல் விட்டவர்களின் எஞ்சின்தான் நங்கூரம் தூக்கும் நேரத்தில் அலறும். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மண்டபம் வடகடலில் காற்று நாளில் குட்டை ஷாப்ட் மாட்டிய ஒரு படகைக் கவனியுங்கள். அலை பின்னால் நழுவும்போது விசிறியின் மேல் இறக்கை வெள்ளையாக நீரைத் துப்பும், எஞ்சின் சத்தம் கீச்சென்று உயரும், படகு ஒரு கணம் நின்றுவிடும். அடுத்த அலையில் விசிறி திடுமென நீரைக் கவ்வும்போது கியர்ப்பெட்டி ஓர் உதை வாங்கும். ஒரு மணி நேரத்தில் இது எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த எஞ்சின் எத்தனை வருடம் தாங்கும் என்பது விளங்கும்.

நீளம் கூடினாலும் சிக்கல் உண்டு. தட்டுக்குக் கீழே விசிறியும் அதற்கும் அடியில் நீளும் அடிக்கொம்பும் இன்னும் 25–30 சென்டிமீட்டர் தொங்கும். அப்படியானால் எஞ்சினின் அடி முனை நீர்மட்டத்திலிருந்து 45 சென்டிமீட்டர் வரை போகிறது. காரங்காடு, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி போன்ற சேற்றுக் கரைகளில் நீர் வற்றும்போது முழங்கால் ஆழத்தில்தான் படகு நிற்கும். ஆகவே பாதி தூக்கிய நிலையில் ஓட்ட வசதி உள்ள எஞ்சினாகப் பாருங்கள். பெரும்பாலான 4 எச்.பி. முதல் மேல் உள்ளவற்றில் இந்த வசதி இருக்கும். கடையில் எஞ்சினைத் தூக்கிப் பிடித்து அந்தப் பூட்டு எளிதாக விழுகிறதா என்று கையால் சோதித்துவிடுங்கள்.

நான்காம் படி: விசிறி

எஞ்சினோடு பெட்டியில் வரும் விசிறி பெரும்பாலும் வேகமாகப் பறக்கும் ரப்பர் படகுக்கானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 எச்.பி. எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று. கியர் விகிதம் 2.15 என்றால் விசிறி சுமார் 2,560 சுற்று சுற்றும். திருகு 8 அங்குலம் என்றால், நழுவலே இல்லாவிட்டால் மணிக்கு கிட்டத்தட்ட 17 கடல் மைல் போக வேண்டிய விசிறி அது. நம் படகோ 5.7-ஐத் தாண்டாது. மூன்றில் இரண்டு பங்கு சும்மா நழுவி வீணாகிறது. அதே விட்டத்தில் 6 அங்குலத் திருகு உள்ள விசிறியை மாட்டினால் அந்த எண் 12.6-ஆக இறங்கும்; எஞ்சின் தன் முழுச் சுற்றை எட்டும், நீரைத் தள்ளும் பிடி கூடும், எதிர்க்காற்றில் படகு நிற்காது.

எனவே வாங்கும்போதே "குறைந்த திருகு விசிறி" கேளுங்கள். 6 எச்.பி. வகைகளில் 7.8 அங்குல விட்டம், 6 அங்குலத் திருகு என்பது பாய்மரப் படகுக்காகவே விற்கப்படும் அளவு. டோஹாட்சுவின் 6 எச்.பி. செயில்புரோ 25 அங்குல ஷாப்டும் இத்தகைய விசிறியும் பேட்டரி மின்னேற்றியும் சேர்ந்தே வருகிறது. 9.9 பிரிவில் யமஹாவின் "ஹை திரஸ்ட்" வகை கியரையே மாற்றி, சாதாரண வகையின் 2.08-க்குப் பதில் 2.92 விகிதத்தில் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுகிறது. இரண்டு டன் படகுக்கு இதை விடச் சரியான ஏற்பாடு இல்லை.

ரிவர்சையும் மறக்காதீர்கள். சாதாரண விசிறியில் பின்னோக்கிப் போகும்போது எஞ்சின் புகை விசிறியின் நடுவழியாக வந்து நீரில் கலந்துவிடும். விசிறி குமிழிகளைக் கடைந்துகொண்டிருக்கும். பின்காற்றில் இறங்குதுறையை நோக்கி வரும் படகை நிறுத்த ரிவர்ஸ் ஒன்றுதான் பிரேக். 2.5 எச்.பி. வகைகள் பலவற்றில் ரிவர்ஸ் கியரே இல்லை, எஞ்சினை முழுவட்டம் திருப்ப வேண்டும். பக்கத்தில் சுக்கான் இருந்தால் அந்த முழுவட்டம் திரும்புமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே மாட்டுவது, யார் தூக்குவது

சுக்கான் நடுவில் இருப்பதால் எஞ்சின் பக்கவாட்டில் தள்ளித்தான் உட்காரும். இடம் எதுவானாலும் இரண்டு சோதனை: சுக்கானை இரு பக்கமும் கடைசி வரை திருப்பினாலும் விசிறியில் இடிக்கக் கூடாது, படகு எதிர்ப்பக்கம் சாயும்போது விசிறி நீருக்குள்ளேயே இருக்க வேண்டும். பாயும் எஞ்சினும் சேர்த்து ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு இரண்டாவது சோதனை முக்கியம்.

ஸ்பிரிங் வைத்து ஏற்றி இறக்கும் தாங்கி இருந்தால் பாயில் ஓடும்போது எஞ்சினை முழுதும் நீருக்கு மேல் தூக்கிவிடலாம். விசிறியை நீரில் இழுத்துக்கொண்டே பாயில் போவது வேகத்தைத் தின்னும். தாங்கி வாங்கும்போது அது தாங்கும் எடையை மட்டும் பார்க்காதீர்கள். எஞ்சினின் எடையை விட எஞ்சின் முழுவேகத்தில் தள்ளும்போது விழும் முறுக்குதான் போல்ட்டைப் பிடுங்கும். உள்ளே ஒரு தடித்த பலகையையோ எஃகுத் தகட்டையோ அண்டக் கொடுத்து, துருப்பிடிக்காத 316 தர போல்ட்டில் பூட்டுங்கள். கவ்வித் திருகுகளுக்கு மேல் ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டாயம்.

எடை விஷயத்தில் கரையின் வழக்கத்தைக் கணக்கில் எடுங்கள். பல ஊர்களில் இரவில் எஞ்சினைப் படகில் விட்டுவிட்டுப் போக முடியாது, கழற்றித் தோளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 14 கிலோ எஞ்சினை ஓர் ஆள் இடுப்பளவு நீரில் நின்று கழற்றலாம். 27 கிலோவுக்கு நல்ல உடல்வாகு வேண்டும். 40 கிலோவுக்கு இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் தினமும் கிடைப்பாரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து எஞ்சின் நழுவும் இடம் எப்போதும் படகுக்கும் நீருக்கும் நடுவில்தான் என்பதால், கழற்றுவதற்கு முன் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டிப் படகோடு முடிந்துவிடுங்கள்.

ஆறாம் படி: எரிபொருள்

புதிதாக வாங்குகிறவர் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினையே எடுக்கலாம். குறைந்த வேகத்தில் நிதானமாக ஓடும், ஆயில் கலக்கும் வேலை இல்லை, முக்கால் வேகத்தில் 6 எச்.பி. எஞ்சின் மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டருக்குள் குடிக்கும். உள்டேங்க் ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் கொள்ளும். அலையில் நின்றுகொண்டு புனலில் பெட்ரோல் ஊற்றுவது ஆகாத வேலை. 12 லிட்டர் தனி டேங்க் இணைக்கும் வசதி உள்ளதையே வாங்குங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்னும் கிடைக்கிறது. எடை குறைவு, அமைப்பு எளிது, ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில். நாள் முழுவதும் ஓட்டும் மீனவருக்கு அது கணக்கில் சரிப்படும். பாய் ஓட்டுகிறவர் எஞ்சினைப் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓட்டுவார். மெது ஓட்டத்தில் பிளக் கரிபிடிப்பது இரண்டு ஸ்ட்ரோக்கின் பிறவிக்குணம்.

மண்ணெண்ணெய் எஞ்சின் மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் கிடைப்பதால் நிலைத்த ஒன்று. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். பாய் இறக்கிய அவசரத்தில் கிளப்பி ஐந்து நிமிடத்தில் நிறுத்தும் நமக்கு இந்தச் சடங்குக்கு நேரம் இல்லை.

இப்போது புதிதாக வந்திருக்கும் தொல்லை எத்தனால். நாடு முழுவதும் பெட்ரோல் பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது. பெரும்பாலான அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் 10 சதவீதம் வரைக்கும்தான் ஒப்புக்கொள்கிறார்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரம் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். செய்ய வேண்டியவை: வாங்கும் வகையின் கையேட்டில் எத்தனால் வரம்பைப் படித்துப் பாருங்கள், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிடியுங்கள், தனி டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நீர் பிரிக்கும் வடிகட்டி வையுங்கள், ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காயவையுங்கள். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை ஸ்கூட்டருக்குக்கூட ஊற்ற வேண்டாம்.

மின்சார எஞ்சின் இன்று விளையாட்டுப் பொருள் அல்ல. 2005-ல் ஜெர்மனியில் தொடங்கிய டார்கீடோ நிறுவனத்தை 2024-ல் யமஹா வாங்கியிருக்கிறது. சுமார் ஒரு கிலோவாட் எஞ்சினில் ஒரு கிலோவாட்-மணி பேட்டரி முழுவேகத்தில் ஒரு மணி நேரம்கூட முழுதாகத் தாங்காது. வேகத்தைப் பாதியாக்கினால் பல மடங்கு நேரம் வரும். பிரப்பன்வலசைப் பக்கம் கரையோரமாகக் காலையில் பாய் விரித்து மதியத்துக்குள் திரும்புகிறவருக்கு இது அருமையான தேர்வு. எல்லைக்கோட்டுக்கு அருகிலோ கால்வாய்க்கோ இதை மட்டும் நம்பிப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏழாம் படி: கடற்புல்லும் குளிர்நீரும்

பாக் நீரிணையின் அடித்தரை பரவலாகக் கடற்புல். காற்று நாட்களில் புல் அறுந்து மேலே மிதந்து திட்டுத்திட்டாக வரும். எஞ்சின் பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீச்சிக்கொண்டிருக்கும். குளிர்நீர் ஓடுவதற்கான அடையாளம் அது. புல் திட்டுக்குள் நுழைந்தால் அந்தத் தாரை முதலில் மெலியும், பிறகு விட்டுவிட்டுச் சொட்டும், அதன்பின் ஆவி மட்டும் வரும். தாரை மெலியும்போதே நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சினைத் தூக்கி நீர் உறிஞ்சும் துளைகளையும் விசிறியையும் சுத்தம் செய்ய வேண்டும். எனவே ஓட்டுபவர் உட்காரும் இடத்திலிருந்து அந்தத் தாரை கண்ணுக்குத் தெரியுமா, எஞ்சினைக் கை எட்டித் தூக்க முடியுமா என்று மாட்டும்போதே பாருங்கள்.

ஹோண்டாவின் 2.3 எச்.பி. வகை காற்றால் குளிர்வது. புல்லும் மணலும் அடைக்க அதில் நீர்வழியே இல்லை, உப்பைக் கழுவும் வேலையும் இல்லை. காது வலிக்கும் சத்தம் அதன் விலை. 16 அடிப் படகோடு புல்வெளி ஓரம் ஓட்டுகிறவருக்கு இது நல்ல பொருத்தம்.

புல்வெளிகளில் ஆமையும் கடல்பசுவும் மேய்கின்றன, மெதுவாகப் போங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி இறங்க முடியாது, பவளத்திட்டில் விசிறி உரசினால் இரண்டுக்கும் சேதம்.

எட்டாம் படி: வாங்கும் நாள்

விலை பேசுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். இம்பெல்லர் (குளிர்நீரை இறைக்கும் ரப்பர் சக்கரம்), பிளக், விசிறிப் பூட்டுமுள், கியர் ஆயில் அடைப்பான் வாஷர் ஆகிய நான்கையும் இராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ உதிரிபாகக் கடையில் கேளுங்கள். கையில் எடுத்துத் தந்தால் அந்த எஞ்சினை வாங்கலாம். "வரவழைத்துத் தருகிறோம்" என்றால், எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அது பழுதாகும் மாதம் உங்கள் படகு கரையில் கிடக்கும். கரையில் எது புழங்குகிறதோ அதற்குத்தான் மெக்கானிக்கின் கை பழகியிருக்கும்.

பழைய எஞ்சின் என்றால்: தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பிப் பழக்கியிருக்கிறார்கள்; குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சினாக இருக்கலாம். கியர்ப்பெட்டியின் கீழ்த் திருகைக் கழற்றி ஒரு சொட்டு ஆயில் எடுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே கடல்நீர். கவ்வித் திருகுகள் சுழல்கின்றனவா, எஞ்சின் எண் ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ரசீது இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

ஒன்பதாம் படி: கடல் சோதனை

அமைதியான காலையில் முழு ஆட்களோடு வெளியே கொண்டுபோய் முழுவேகம் கொடுங்கள். பிளக் கம்பியில் சுற்றும் மலிவான சுற்றுமானி ஒன்று போதும். கையேடு சொல்லும் வரம்பு, பெரும்பாலும் 5,000–6,000, அதை எட்டவில்லையென்றால் திருகு அதிகம். தாண்டிப் பறந்தால் திருகு குறைவு. முழுவேகத்திலிருந்து ரிவர்ஸ் போட்டு எத்தனை படகு நீளத்தில் நிற்கிறது என்று பாருங்கள். காற்று எழுந்த பிறகு எதிர்க்காற்றில் மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். படகு திசை மாறாமல் முன்னேறினால் பாம்பனுக்குத் தயார். உயிர்நாடிக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி ஒருமுறை இழுத்து, எஞ்சின் உடனே நிற்கிறதா என்றும் சோதியுங்கள். தனியாகப் போகிறவர் கடலில் விழுந்தால் படகு அவரை விட்டுவிட்டுப் போகாமல் நிற்பது அதனால்தான்.

பத்தாம் படி: பராமரிப்பு

ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள். இராமநாதபுரத்தில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்பது தெரியும். ஒரு டிரம் நீர் பல முறைக்கு வரும், உப்புக் கரித்தால் மாற்றினால் போதும். எஞ்சினை உப்பு அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். இம்பெல்லர் வருடத்துக்கு ஒன்று. மணல் கலங்கிய கரையில் இறங்குகிறவருக்கு அதற்கும் முன்பே. புது எஞ்சினின் முதல் ஆயில் மாற்றத்தைக் கையேடு சொல்லும் நேரத்திலேயே, பெரும்பாலும் முதல் 20 மணி ஓட்டத்தில், செய்துவிடுங்கள்.

படகில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: இரண்டு பிளக், பிளக் சாவி, பூட்டுமுள் நான்கு, குறடு, வலைக்கயிறு அறுக்கப் பல் கத்தி, கிளப்பும் கயிறு ஒன்று, ஒரு ஜோடித் துடுப்பு, எஞ்சின் நின்றவுடன் போட நங்கூரமும் போதிய கயிறும். பாக் நீரிணையில் பெரும்பாலான இடங்களில் நங்கூரம் தரையைத் தொடும். எல்லைக்கோட்டை நோக்கி மிதப்பதை நிறுத்த முதலில் அதைப் போடுங்கள், பிறகு எஞ்சினைப் பிரியுங்கள். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் எஞ்சின் மூடியின் உள்பக்கம் பெயின்டில் எழுதிவையுங்கள்.